காழ் எங்கே இருக்கிறது?

நேரலையில் இணைந்திருப்பவர்களில் பலர் வோபர்னிலும் அதைச் சுற்றியுள்ள ஸ்காபரோத் தெருக்களிலும் இருக்கிறீர்கள். ஒரு கணம் உங்கள் காலடியைப் பாருங்கள். தரை மேப்பிள் பலகையாக இருக்கலாம். அந்தப் பலகை வந்த வழியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். துணைக்குத் தொல்காப்பியரும் வருவார்.

வோபர்னுக்கு அருகே ஓடும் ஹைலன்ட் கிரீக் ஓடையில், 19ஆம் நூற்றாண்டில் தண்ணீரின் விசையால் மரம் அறுக்கும் ஆலைகள் இருந்தன. தாம்சன் நினைவுப் பூங்காவிலுள்ள ஸ்காபரோ அருங்காட்சியகத்தில் அக்காலத்து வீடுகள் இரண்டைப் பார்க்கலாம். மக்கோவன் குடும்பத்தின் வீடு முழுக் கட்டைகளை அடுக்கிக் கட்டியது. 1858இல் எழுந்த கோர்னெல் குடும்பத்தின் வீடோ அறுத்த பலகைகளால் ஆனது. அந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவே இருப்பது மரக்காலை.

யாழ்ப்பாணத்தார் மரக்காலை என்பதைத் தமிழகத்தார் மரவாடி என்பார்கள். குடும்பங்கள் நடத்தும் மரக்காலைகள் ஒன்ராறியோவின் சிற்றூர்களில் இன்றும் உண்டு. அங்கே வாளைவிடக் கண்ணுக்குத்தான் வேலை அதிகம். அடிமரத்தை எந்தப் பக்கமாகத் திருப்பி அறுப்பது என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். மரம் காயும்போது வளையங்களின் போக்கிலே சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. அதனால்தான் சில பலகைகள் வளைகின்றன. வளையங்களுக்குக் குறுக்காக அறுத்த பலகை வளைவது குறைவு. ஆனால் சேதாரம் கூடும்.

அறுத்த பலகைகளுக்கு இடையே சிறு சட்டங்களை வைத்து, காற்றுப் புகும்படி அடுக்குவார்கள். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. பிறகு சூட்டறையில் வைத்து, ஈரப்பதத்தை 6 முதல் 8 விழுக்காட்டுக்குக் கொண்டுவருவார்கள். மேப்பிளைக் குளிர்காலத்தில் தறித்து விரைவாக அறுப்பதே நல்லது. வெயில் காலத்தில் கிடந்தால் அதன் வெள்ளை நிறத்தில் கறை ஏறிவிடும்.

இனித் தொல்காப்பியத்துக்கு வருவோம். மரபியல் தாவரங்களை வன்மை இருக்கும் இடத்தை வைத்துப் பிரிக்கிறது. வெளியே காழ் உடையவை புல். உள்ளே காழ் உடையவை மரம். காழ் என்றால் வைரம். இந்தக் கணக்கில் பனை புல் இனம்! இன்றைய தாவரவியலும் பனையைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரம் என்றே சொல்கிறது.

இது ஏட்டு அறிவு மட்டுமல்ல. முற்றிய பனையைப் பிளந்து, நடுவிலுள்ள சோற்றை நீக்கி, வெளிப்புறத்து வைரத்தில்தான் எங்கள் கூரைகளுக்கு வளையும் சிலாகையும் எடுத்தார்கள். தேக்கிலும் வேம்பிலும் அதற்கு நேர்மாறு: உள்ளே இருக்கும் வைரத்தை வைத்துக்கொண்டு வெளிறை ஒதுக்குவோம். ‘ஹார்ட்வுட்’ என்ற ஆங்கிலச் சொல் இவ்வளவு துல்லியமாக இல்லை. அகன்ற இலை மரங்கள் எல்லாவற்றுக்கும் அதுவே பெயர். பஞ்சுபோன்ற பால்சாகூட அதில் அடக்கம்.

மேப்பிளிடம் இன்னொரு வியப்பு. அது தொல்காப்பியர் சொல்லும் மரம்தான். ஆனால் இங்குள்ளவர்கள் விரும்பி வாங்குவது அதன் வெள்ளையான வெளிறை. நடுவிலிருக்கும் பழுப்பு வைரத்துக்கு மதிப்புக் குறைவு. நம் ஊர்த் தச்சர் முதல்முறை பார்த்தால் தலையில் கைவைத்திருப்பார். மண் மாறினால், ஒதுக்கும் பகுதியும் மாறிவிடுகிறது.

ஊரில் கூரை மாற்றும் நாளில் இந்தச் சொற்களெல்லாம் பிள்ளைகளின் காதில் தாமாகவே விழுந்தன. இங்கே பலகை கடையிலிருந்து கட்டாக வருகிறது. சொல்லை நாம்தான் கொடுக்க வேண்டும். அடுத்த முறை பிள்ளைகளோடு அந்த அருங்காட்சியகத்துக்குப் போனால், ஒரு கட்டையின் வெட்டுமுகத்தைக் காட்டி, “இது வைரம், இது வெளிறு” என்று சொல்லிக்கொடுங்கள். பனைக்கு அது ஏன் நேர்மாறு என்று அவர்கள் கேட்டால், உங்கள் வீட்டில் தொல்காப்பிய வகுப்பு தொடங்கிவிட்டது.