கருத்த மேனியில் சிவப்பு தெரியாது!

2022 ஐப்பசியில் என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, "வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். முதுகுப் பக்கம் சிவந்தால் மட்டும் கூட்டி வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள்.

தினமும் உடம்பு துடைக்கும்போது பார்ப்பேன். சிவப்பே இல்லை. எங்கள் அத்தை நல்ல கருப்பு. அந்த நிறத்தில் சிவப்பு எங்கே தெரியப்போகிறது? எனக்கும் தோன்றவில்லை, சொல்லி அனுப்பியவர்களும் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் வாலெலும்புக்கு மேல் ஒரு ரூபாய் அளவுக்கு, மற்ற இடத்தைவிடக் கருத்து ஒரு திட்டு. தொட்டால் சூடு, கொஞ்சம் கெட்டி. ரத்த ஓட்டம் வரட்டுமே என்று தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி அழுத்தித் தேய்த்தேன். இரண்டே நாளில் தோல் வழன்று புண்ணாகிவிட்டது. "வலிக்குதுன்னு சொல்லக் கூடாதா அத்தை?" என்றால், "உனக்கு எத்தனை வேலைடி" என்கிறார். பார்க்க வந்த நாத்தனார், "எங்கம்மாவுக்குப் புண் வர விட்டுட்டீங்களே அண்ணி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

அப்புறம்தான் பக்கத்துத் தெருக்காரர் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் எழுதிக் கொடுத்தோம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நர்ஸ் வீட்டுக்கே வந்தார். "எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவுல தோல் நசுங்கி, ரத்தம் போகாம உள்ளே செத்துக்கிட்டு வருதுக்கா. அதைப் போய்த் தேய்க்கலாமா?" என்றார். கருத்த உடம்பில் நிறத்தை மட்டும் நம்பாமல் சூடு, கெட்டி, வலி மூன்றையும் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டுமாம்.

இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னார். டி.வி.யில் நாலு சீரியல் முடிந்தால் ஒரு புரட்டல் என்று கணக்கு வைத்துக்கொண்டேன்! முழுக்க ஒருக்களித்தால் இடுப்பெலும்பு அழுந்தும். அதனால் முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து லேசாகச் சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்குக் கீழே ஒரு தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மேலே நகர்த்தும்போது இழுக்கவே கூடாது. பழைய எட்டு முழ வேட்டியை மடித்து இடுப்புக்குக் கீழே விரித்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்குகிறோம். ஆசையாக வாங்கிய காற்றடைத்த வளையத்தை நர்ஸ் தூக்கிப் போடச் சொல்லிவிட்டார். சுற்றியுள்ள இடத்தை அது நசுக்குமாம். ஏர் பெட் நல்லதுதான், ஆனால் அது இருந்தாலும் புரட்டத்தான் வேண்டும்.

ஈரம் இன்னொரு எதிரி. மூத்திரம் போனால் உடனே கழுவி, மெத்தென்ற துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, புண் இல்லாத இடத்தில் ஜிங்க் ஆக்ஸைடு களிம்பு தடவுகிறேன். பவுடர் வேண்டாம், மடிப்பில் கட்டி தட்டி உறுத்தும். புண்ணில் மஞ்சள், ஸ்பிரிட் எதுவும் போடாமல் சலைனில் கழுவி, நர்ஸ் காட்டியபடி கட்டுப் போட்டேன். நாற்றமோ, சீழோ, காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போகச் சொன்னார். சாப்பாட்டில் தினம் முட்டையும் குழைய வேகவைத்த பருப்பும் சேர்த்தேன். புண் ஆற மூன்றரை மாதம் ஆயிற்று.

ராத்திரி இரண்டு மணிப் புரட்டல் என் வீட்டுக்காரருடையது. அம்மாவின் உடம்பைத் தொட முதலில் ரொம்பக் கூச்சப்பட்டார். "நீ குழந்தையா இருந்தப்ப நான் கூச்சப்பட்டேனாடா?" என்று அத்தை கேட்டதும் அந்தக் கூச்சம் போய்விட்டது. நாத்தனாரும் மாதம் நாலு நாள் வந்து இருக்கிறார். வந்த முதல் ராத்திரி முடிந்ததும் காலையில் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, காபி மட்டும் போட்டுக் கொடுத்தார்.

இப்போதெல்லாம் நான் மறந்தாலும், "மணி ஆச்சேடி, புரட்டலையா?" என்று அத்தையே குரல் கொடுக்கிறார்.

- ஒரு வாசகி, மன்னார்குடி