ராய் பிரான்சிஸ்: ஆட்டக்காரர்களை அறிந்த பயிற்சியாளர்

பிரிட்டனின் தொழில்முறைக் குழு விளையாட்டுகளில் பயிற்சியாளர் பொறுப்பேற்ற முதல் கறுப்பினத்தவர் என்று குறிப்பிடப்படும் ராய் பிரான்சிஸ், தம் தகுதிக்குரிய புகழை வாழ்நாளில் பெறாமலே 1989இல் மறைந்தார். அவர் ஆடிய ரக்பி லீக், சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள் ஆட்டத்துக்காக இழந்த கூலியை ஈடுசெய்ய வேண்டுமென்ற கோரிக்கை மறுக்கப்பட்டதால், 1895இல் வட இங்கிலாந்துச் சங்கங்கள் பழைய ரக்பி அமைப்பிலிருந்து பிரிந்து வளர்த்தெடுத்த ஆட்டமாகும். இதில் அணிக்குப் பதின்மூவர் ஆடுவர், எதிரணியின் கோல்கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் பதிப்பது 'டிரை' எனப்படும்.

வேல்ஸின் பிரின்மாவரில் வளர்ந்த பிரான்சிஸ், பதினேழு வயதில் விகன் அணியில் சேர்ந்து, பின்னர் பாரோ, வாரிங்டன், ஹல் ஆகிய அணிகளுக்கு ஆடினார். விங்கர், அதாவது பக்கக்கோட்டை ஒட்டி விரைந்தோடி டிரை அடிப்பவர், என்ற நிலையில் அவர் இருநூறுக்கும் மேற்பட்ட டிரைகளை அடித்தார். ஆயினும் 1946இல் ஆஸ்திரேலியா சென்ற பிரிட்டன் அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அந்நாட்டில் அன்று நிலவிய நிறப்பாகுபாடே அதற்குக் காரணம் என்பதே வரலாற்றாசிரியர்கள் பொதுவாகத் தரும் விளக்கம். மறு ஆண்டு நியூசிலாந்துக்கு எதிராக ஆடிய ஒரே டெஸ்ட் போட்டியோடு அவருடைய சர்வதேச வாழ்வு முடிந்துபோனது, திறமைக்கு இழைக்கப்பட்ட பெரும் அநீதி.

ஹல் அணியின் பயிற்சியாளரான பிறகே அவருடைய அறிவின் முழு வீச்சு வெளிப்பட்டது. உடல் வலிமையே போதும் என்று கருதப்பட்ட அக்காலத்தில், போட்டிகளைப் படம்பிடித்து வீரர்களோடு அமர்ந்து ஆராய்ந்ததும், முன்வரிசையில் மோதும் பருத்த உடலினருக்கும் வேக ஓட்டப் பயிற்சி அளித்ததும் புதுமைகளே. அவற்றினும் முக்கியமானது, ஒவ்வொரு வீரரின் மனநிலையையும் தனித்தனியே அறிந்து பேசியதோடு, வெளியூர்ப் போட்டிகளுக்கு மனைவியரும் வருவதற்குப் பயண வசதி செய்து, குடும்பங்களையும் அணியின் பகுதியாக்கியது. பிற்காலத்தில் விளையாட்டு உளவியல் என்ற துறை விரிவாக எடுத்துரைத்தவற்றை, புறக்கணிப்பின் வலியைத் தாமே அனுபவித்த இவர் முன்னரே நடைமுறையில் செய்து காட்டினார் என்றே சொல்ல வேண்டும். இம்முறையில் பயின்ற ஹல், 1956, 1958 ஆகிய ஆண்டுகளில் சாம்பியன் பட்டம் வென்றது.

பின்னர் லீட்ஸ் அணிக்குச் சென்ற அவரது வழிகாட்டலில், மழைநீர் தேங்கிய வெம்பிளி மைதானத்தில் நடந்த 1968 சேலஞ்ச் கோப்பை இறுதிப் போட்டியில் வேக்ஃபீல்டை 11–10 என்ற கணக்கில் அவ்வணி வென்றது. அதன்பின் சிட்னியின் நார்த் சிட்னி அணி அவரைப் பயிற்சியாளராக அழைத்தது; வீரராக வர முடியாத நாட்டுக்கு அவர் பயிற்சியாளராகச் சென்றார். அங்கு அவர் இருந்த 1970இல்தான், ஹல் அணியில் அவரிடம் பயின்ற ஜானி வைட்லி பயிற்சியளித்த பிரிட்டன் அணி, ஆஸ்திரேலிய மண்ணில் அந்நாட்டுக்கு எதிரான ரக்பி லீக் ஆஷஸ் தொடரை வென்றது. அதே ஹல் அணியில் அவர் காலத்தில் ஆடத் தொடங்கிய கறுப்பின விங்கரான கிளைவ் சல்லிவன், 1972இல் பிரிட்டன் அணித்தலைவராக உலகக் கோப்பையைக் கையில் ஏந்தினார்.