வீட்டுக்கு வந்த பழைய ஜீப்

சில கணவன்மார்களுக்குச் சீட்டாட்டத்தில் பிரியம். சிலருக்குக் கிரிக்கெட். இன்னும் சிலருக்கோ, நாற்பது வயதைத் தாண்டியதும் திடீரென்று பழைய ஜீப்பின் மீது காதல் பிறந்துவிடுகிறது! எங்கேயோ ஒரு தோட்டத்து மூலையில், கோழி அடைகாத்துக்கொண்டிருந்த வண்டியைப் பேரம் பேசி, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கிவிடுகிறார்கள். "இதை ஓட்டிக்கொண்டு மலைக்குப் போகலாம், ஆற்று மணலில் போகலாம், காட்டுத் தடத்தில் போகலாம்" என்று குழந்தைகளிடம் ஆசை காட்டுகிறார்கள். குழந்தைகள் குதிக்கின்றன. வீட்டுக்காரி மட்டும் துருப்பிடித்த இரும்பையும் புருஷனையும் மாறி மாறிப் பார்க்கிறாள்.

அந்தச் சகோதரிக்காகத்தான் இந்தக் கட்டுரை. ஏனென்றால், அந்த வண்டியில் பின் ஸீட்டில் குழந்தைகளோடு உட்காரப் போகிறவள் அவள்தானே?

யுத்தத்தில் பிறந்த பிள்ளை

ஜீப்புக்கு வயது எண்பதுக்கு மேல் ஆகிறது. இரண்டாவது உலக யுத்தம் மூண்ட சமயம், எந்தக் கரடுமுரடான பூமியிலும் ஓடக்கூடிய சிறிய வண்டி ஒன்று அமெரிக்கப் பட்டாளத்துக்குத் தேவைப்பட்டது. 1940-ஆம் வருஷம் பான்டம் என்ற சிறு கம்பெனி முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது. பிறகு வில்லிஸ், ஃபோர்டு என்ற பெரிய கம்பெனிகள் அதை லட்சக்கணக்கில் வார்த்துத் தள்ளின. யுத்தம் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் உலகம் பூராவும் ஓடின. அறுபது குதிரை சக்தி எஞ்சின், கதவு கிடையாது, மேலே கித்தான் கூரை. அவ்வளவுதான் வண்டி!

நம் நாட்டுக்கு அது வந்த கதையும் சுவாரஸ்யமானது. 1945-ல் மஹிந்திரா சகோதரர்களும் குலாம் முகம்மது என்பவரும் கூட்டாக ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். பெயர் 'மஹிந்திரா அண்டு முகம்மது'. 1947-ல் தேசம் பிரிந்தது. குலாம் முகம்மது பாகிஸ்தானுக்குப் போய் அதன் முதல் நிதி மந்திரியாகவும், பிறகு கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். 1948-ல் கம்பெனியின் பெயர் 'மஹிந்திரா அண்டு மஹிந்திரா' என்று மாறியது. அவர்கள்தான் வில்லிஸ் ஜீப்பை உதிரி உதிரியாக வரவழைத்து இங்கே பூட்டி விற்க ஆரம்பித்தவர்கள். 1953-ல் அமெரிக்காவில் வெளிவந்த 'ஸி.ஜே. 3பி' என்ற உயர்ந்த முகப்பு கொண்ட ஜீப், அந்த நாட்டில் 1968-லேயே நின்றுவிட்டது. ஆனால் அதன் வம்சம் இங்கே பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. கலெக்டர் ஜீப், போலீஸ் ஜீப், ஒலிபெருக்கி கட்டிய தேர்தல் ஜீப் என்று நம் பாட்டிமார்கள் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான்.

ஆக, வாசலில் நிற்பது வெறும் இரும்பு அல்ல. ஆனாலும் வயோதிகர் வயோதிகர்தான். மரியாதையும் வேண்டும், வைத்தியமும் வேண்டும்.

கும்மியும் நாலு சக்கரமும்

சாதாரணக் காரில் இரண்டு சக்கரங்களுக்குத்தான் எஞ்சினின் சக்தி போகிறது. அவை சேற்றில் வழுக்கினால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். ஜீப்பில், பெரிய கியர்த் தடிக்குப் பக்கத்தில் சிறிய தடிகள் முளைத்திருக்கும். ஒன்றைப் போட்டால் முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். இன்னொன்றைப் போட்டால் வேகம் பாதிக்கும் கீழே இறங்கி, இழுப்பு இரு மடங்காகும். அம்மியில் துவையல் அரைப்பது போல, மெதுவாக, ஆனால் அழுத்தமாக!

இதில் ஒரு சூக்ஷ்மம் உண்டு. கும்மியடிக்கும் பெண்கள் வட்டமாகச் சுற்றும்போது வெளி வட்டத்துப் பெண் அதிக தூரம் நடக்க வேண்டும் அல்லவா? வளைவில் திரும்பும் ஜீப்பில் முன் சக்கரங்கள் வெளி வட்டத்துப் பெண்கள். பின் சக்கரங்கள் உள் வட்டத்துப் பெண்கள். நாலு சக்கர இழுப்பைப் போட்டுவிட்டால் இரு சாராரையும் ஒரே அளவு நடக்கும்படி கட்டிப்போட்டது போல் ஆகிறது. மணலிலும் சேற்றிலும் சக்கரம் சற்றே வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க இடமில்லை. பல்சக்கரமும் ஷாஃப்டும் முறுகித் தேயும். ஆகவே ரோட்டில் இரண்டு சக்கரம், காட்டில் நாலு சக்கரம் என்பது பழைய ஜீப்பின் முதல் பாடம்.

கடலோரத்து நோய்

கடலூர் முதுநகரைத் தாண்டிக் குடிகாடு வழியாகச் சிதம்பரம் போகிறவர்களுக்கு உப்பனாறு தெரியும். அதற்கு அப்பால் கடலும் தெரியும். உப்புக் காற்று இங்கே ஜன்னல் கம்பியைக்கூட விடுவதில்லை. ஜீப்பை விடுமா?

பழைய ஜீப்பின் முதுகெலும்பு, அடியில் ஓடும் இரண்டு நீண்ட சட்டங்கள். 'சேஸிஸ்' என்பார்கள். மேலே பளபளவென்று பெயின்ட் அடித்திருந்தாலும், உள்ளே இது அரித்துப் போயிருக்கலாம். வாங்குவதற்கு முன் ஒரு சிறு சுத்தியலால் சட்டம் முழுவதும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். குடத்தைத் தட்டி வாங்கத் தெரிந்த நமக்கு இது பெரிய வித்தையா? 'டங்' என்றால் நல்லது. 'சொத்' என்றால் அந்த வண்டி வேண்டாம்; அல்லது சட்டத்துக்கு வைத்தியம் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

வாங்கிய பின் வழக்கம் ஒன்று வேண்டும். ஈர மணலிலோ உப்புத் தண்ணீரிலோ போய் வந்த அன்றைக்கே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும். மிதியடிக்குக் கீழே ஈரம் தங்கக் கூடாது. தண்ணீர் வடிவதற்காக வைத்த சிறு துவாரங்கள் சேற்றால் அடைபடக் கூடாது. வருஷத்துக்கு ஒரு முறை, ஐப்பசி மழைக்கு முன்னால், அடியில் துரு எதிர்க்கும் பூச்சு அடித்துவிட்டால் கடற்காற்றைக் கொஞ்சம் தைரியமாக எதிர்த்து நிற்கலாம்.

முதலில் நிற்க வேண்டும், பிறகுதான் ஓட வேண்டும்

பழைய ஜீப் வாங்கியவர்கள் செய்யும் முதல் செலவு பெரும்பாலும் பெரிய டயர், பெரிய விளக்கு, பெரிய ஹாரன்! பார்ப்பதற்கு ஜம்மென்று இருக்கும். ஆனால் முதல் பணம் போக வேண்டிய இடம் பிரேக்.

அந்தக் காலத்து ஜீப்பில் நாலு சக்கரத்துக்கும் பிரேக் எண்ணெய் ஒரே வழியில் போகிறது. ஒரு குழாயில் ஓட்டை விழுந்தால் நாலு சக்கரமும் கைவிட்டுவிடும். மலை இறக்கத்தில் அப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி வழி வைத்த மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்திக்கொண்டால், ஒன்று போனாலும் மற்றொன்று காப்பாற்றும். பழைய ஜீப்பில் செய்யக்கூடிய மாறுதல்களில் இதற்கே முதல் மரியாதை. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணமுடையது. ஆகவே இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அதை மாற்றிவிட வேண்டும்.

அடுத்தது ஸ்டியரிங். குறிப்பிட்ட வேகத்தில் போகும்போது முன் சக்கரங்கள் திடீரென்று தலையாட்டி பொம்மை மாதிரி ஆடத் தொடங்கினால், பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவது வீரம் அல்ல. முன் சக்கரங்கள் திரும்பும் முட்டுகளில் பேரிங் தேய்ந்திருக்கலாம். ஸ்டியரிங் கம்பிகளின் நுனி தளர்ந்திருக்கலாம். பட்டறையில் அரை நாள் வேலை. அதைச் செய்யாமல் ஹைவேயில் ஏறக் கூடாது.

மூன்றாவது கிரீஸ். பழைய ஜீப்புக்கு அது குழந்தைக்கு எண்ணெய்க் குளியல் மாதிரி. ஸ்பிரிங் பட்டைகளின் முனைகள், ஷாஃப்ட் மூட்டுகள் எல்லாவற்றிலும் கிரீஸ் ஏற்ற ஒரு முளை இருக்கும். ஆழமான தண்ணீரில் இறங்கி வந்தால் மறுநாளே கிரீஸ் ஏற்ற வேண்டும். கியர்ப் பெட்டி, முன் பின் கிரவுன் ஆகியவற்றின் எண்ணெயைக் கொஞ்சம் இறக்கிப் பார்க்க வேண்டும். எண்ணெய் மோர் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். யோசிக்காமல் மாற்றிவிட வேண்டியதுதான்.

எது அலங்காரம், எது அவசியம்?

கூரையில்லாத ஜீப்புக்குத் தலைக்கு மேலே வளைந்த இரும்புக் குழாய்ச் சட்டமும், ஒவ்வொரு ஸீட்டுக்கும் பெல்ட்டும் அவசியம். இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். பெல்ட் இல்லாமல் சட்டம் மட்டும் இருந்தால் தலை அதில் மோதும். முன்னும் பின்னும் சேஸிஸோடு போல்ட் போட்டு இறுக்கிய கொக்கிகளும் அவசியம். புதைந்த வண்டியை இழுக்கும்போது பம்பரில் கயிறு கட்டினால், பம்பரே பிய்ந்து பறக்கக்கூடும். இரும்புக் கம்பிக் கயிற்றால் இழுத்தால் அதன் நடுவில் ஒரு கனமான ஈரச் சாக்கைப் போட்டுவிடுங்கள். அறுந்தாலும் சாட்டையாக வீசாது. இழுக்கும்போது குழந்தைகள் கயிற்றின் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்தில் நிற்கட்டும்.

வண்டியை ஓர் அடி உயர்த்துவதும், லாரி டயர் மாதிரி டயர் போடுவதும் அலங்காரம். உயர உயர வண்டி சுலபமாகக் குடை சாயும். பெரிய டயரை நிறுத்தப் பழைய பிரேக் திணறும். சுழற்றுகிற ஆக்ஸில் ஒடியும். மீட்டரோ உண்மை வேகத்தைக் காட்டாது.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள கம்பெனி அமைப்பை இஷ்டப்படி மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. எஞ்சின் மாற்றுவதென்றால் முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். சொந்த உபயோக வண்டிக்குப் பதினைந்து வருஷம் முடிந்தால் பரிசோதனைக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இந்தக் காகிதங்கள் சரியாக இல்லையென்றால், விபத்துச் சமயத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும். வண்டி வாங்கும்போது எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதை வீட்டுக்காரிகளே ஏற்றுக்கொள்ளலாம். எழுத்துக்கு எழுத்து சரிபார்ப்பதில் நம்மை யார் மிஞ்ச முடியும்?

மணல், தண்ணீர், மலை

மணலில் போகும்போது டயரில் காற்றைக் குறைக்க வேண்டும். முப்பது பவுண்டு இருக்கும் டயரைப் பதினெட்டுக்குக் கொண்டுவந்தால், அது ஒட்டகத்தின் பாதம் போல் அகன்று மணலில் புதையாமல் போகும். ரோட்டுக்கு வந்தவுடன் மறுபடியும் காற்று ஏற்றிவிட வேண்டும். மறந்தால் டயர் சூடாகி வெடிக்கும். ஆனால் ஒரு விண்ணப்பம்: கடற்கரை மணலில் ஜீப் ஓட்டுவது வேண்டவே வேண்டாம். தை முதல் பங்குனி வரை நம் கடலூர்க் கரையில் பங்குனி ஆமைகள் ஏறி வந்து மணலுக்குள் முட்டையிடுகின்றன. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு சக்கரம் ஏறினால் நூறு குஞ்சுகளின் கதை முடிந்துவிடும்.

தண்ணீரில் இறங்குவதற்கு முன் ஒருவர் கம்புடன் நடந்து ஆழம் பார்க்க வேண்டும். சக்கரத்தின் நடுமையத்துக்கு மேல் தண்ணீர் ஓடினால் திரும்பிவிடுவதே புத்திசாலித்தனம். 2015 நவம்பரில் நம் ஜில்லாவில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு, ஓடுகிற தண்ணீரின் பலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம். எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்தால் உள்ளே கம்பி வளைந்து, எஞ்சினே பாழாகிவிடும். கரையேறியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் போக வேண்டும். நனைந்த பிரேக் அப்போதுதான் காய்ந்து பிடிக்கும்.

மலைக்கு ஓர் உதாரணம் கொழுக்குமலை. தேனி ஜில்லாவைச் சேர்ந்த இந்தத் தேயிலைத் தோட்டம் சுமார் 7,900 அடி உயரத்தில் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டு மலைக்கு ஜீப் பாதை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான் வருகிறது! பாறையும் பள்ளமுமான அந்தப் பாதையில் உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் ஏறி இறங்குகின்றன. அங்கே ஒரு முறை கூலி ஜீப்பில் உட்கார்ந்து போய் வாருங்கள். இறக்கத்தில் அனுபவஸ்தர்கள் பிரேக்கை நம்பி விடுவதில்லை. சிறு தடியைத் தாழ்த்தி, முதல் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி விட்டு, நடை வேகத்தில் இறக்குவார்கள். சரிவில் குறுக்கே திருப்பாமல் நேராகவே இறங்குவார்கள். அவசரமே கிடையாது. இந்தப் பொறுமை நம் வீட்டு ஜீப்காரருக்கு வந்துவிட்டதா என்று தெரிந்துகொண்ட பிறகு குழந்தைகளை ஏற்றினால் போதும்.

வீட்டுக்காரியின் ஐந்து கேள்விகள்

புறப்படுகிற காலையில், காபி கொடுக்கும்போதே இந்த ஐந்தையும் கேட்டுவிடுங்கள்:

பிரேக் எண்ணெய் அளவு பார்த்தாயிற்றா? ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கி வேலை செய்கிறதா? வண்டிக்கு அடியில் தரையில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா? கூட இன்னொரு வண்டி வருகிறதா? எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று யாரிடமாவது சொல்லியாயிற்றா?

ஐந்துக்கும் 'ஆம்' என்றும் 'இல்லை' என்றும் தெளிவாகப் பதில் வந்தால், புளியோதரையைக் கட்டிக்கொண்டு நீங்களும் ஏறிக்கொள்ளலாம். "அதெல்லாம் பார்த்துக்கலாம்!" என்று பதில் வந்தால், புளியோதரையை வீட்டுத் திண்ணையிலேயே பிரித்துவிடுவது உத்தமம்.

இன்னொன்று. அந்தச் சிறிய தடிகளைப் போடவும் எடுக்கவும் நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். ஒற்றையடிக் காட்டுத் தடத்தில் ஓட்டுகிறவருக்குக் காலில் சுளுக்கு ஏற்பட்டால், குடும்பத்தைத் திருப்பிக் கொண்டுவர இன்னொருவர் வேண்டுமே! தவிர, ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜீப் சாவி யாரிடம் இருப்பது என்பதில்தான் வீட்டில் சண்டை வரும்.