முதுகும் வயிறும் தோன்றுமாறு: தவளை முளையத்தில் குழியவன்கூட்டின் பங்கு

உயிரினமொன்றின் உருவம் முழுவதும் அதன் பரம்பரையலகுகளிலேயே முன்கூட்டி எழுதப்பட்டுள்ளது என்னும் கருத்துப் பரவலாக நிலவுகின்றது. இக்கருத்து எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதைத் தென்னாபிரிக்க நகத்தவளையின் முளைய விருத்தியைக் கொண்டு நோக்குவோம்.

கலத்தினுள்ளே அமைந்த புரத இழைகளின் வலையமைப்பே குழியவன்கூடு ஆகும். அக்தின் இழைகளும், தியூபியூலின் புரதத்தாலான நுண்புன்குழாய்களும் அதன் முக்கிய கூறுகளாம். கூடு என்னும் பெயர் அசையாச் சட்டகமொன்றை நினைவூட்டினும், இவ்விழைகள் இடையறாது கட்டப்பட்டும் கலைக்கப்பட்டும் வருவனவாகும்.

கருக்கட்டாத தவளை முட்டையின் மேற்பாதி கருநிறமானது. மஞ்சட்கரு மிகுந்த கீழ்ப்பாதி வெளிறியது. ஆயின் முதுகு எப்பக்கம், வயிறு எப்பக்கம் என்பது அதில் இன்னும் உறுதிப்படவில்லை. விந்து மேற்பாதியில் எவ்விடத்தும் நுழையலாம். அது கொணரும் புன்மையத்தி நுண்புன்குழாய்களின் ஒழுங்கைத் திசைப்படுத்துகின்றது. முதற் பிளவு நிகழ ஏறத்தாழ 90 நிமிடங்கள் செல்லும். அதற்கிடையில் கீழ்ப்பாதியின் மேற்பட்டைக்கு அடியில் நுண்புன்குழாய்கள் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக அணிவகுக்கின்றன. மேற்பட்டை உட்குழியவுருவின் மீது ஏறத்தாழ 30 பாகை நகர்கின்றது. முதுகை நிர்ணயிக்கும் தாய்வழிப் பொருள்கள், விந்து நுழைந்த இடத்திற்கு எதிர்ப்பக்கமாகக் கொண்டுசெல்லப்படுகின்றன. அப்பக்கத்துக் கலங்களின் கருக்களில் பீற்றா-கற்றெனின் புரதம் திரள்கின்றது. பின்னர் ஒழுங்காக்கி எனப்படும் இழையம் அங்கு உருவாகின்றது. இவ்விழையத்தை வேறொரு முளையத்தில் ஒட்டின் இரண்டாவது உடலச்சுத் தோன்றும் என்பதை ஸ்பேமனும் ஹில்டே மங்கோல்டும் நீர்ப்பல்லி முளையங்களில் 1924 இல் காட்டினர்.

நுண்புன்குழாய்கள் அமையாவிடின் யாது நிகழும்? கருக்கட்டிய முட்டையின் கீழ்முனையில் உரிய வேளையில் புறவூதாக்கதிர் செலுத்தப்படின் அவை அணிவகுப்பதில்லை, மேற்பட்டையும் நகர்வதில்லை. கலங்கள் பிளவுறுகின்றன, ஆயினும் தலையோ நரம்புக்குழாயோ இல்லாத வயிற்றுப் பிண்டமே எஞ்சுகின்றது. கரு மேற்பாதியில் உள்ளமையால் பரம்பரைப் பொருளுக்கு நேர்ந்த கேடென இதனைக் கொள்வதற்கில்லை. அன்றியும், இவ்வாறு கதிர்பட்ட முட்டைகளை முதற் பிளவுக்கு முன் 90 பாகை சரித்துவைத்தால் உடலச்சு மீண்டும் தோன்றுமென ஷார்ஃப், கேர்ஹார்ட் ஆகியோர் 1980 இல் நிறுவினர். சரித்தவிடத்துக் கனமான மஞ்சட்கரு புவியீர்ப்பால் கீழிறங்குகின்றது. இழைகள் செய்யவேண்டிய இடப்பெயர்ச்சியை ஈர்ப்புவிசை செய்துவிடுகின்றது.

இதனால் பரம்பரையலகுகள் முக்கியமற்றவை என்று முடிவுசெய்தல் தவறாகும். தியூபியூலினும் தாய்வழிப் பொருள்களும் அவற்றின் ஆக்கங்களே. முலையூட்டிகளில் இத்தகைய மேற்பட்டை நகர்வு அறியப்படவில்லை என்பதையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். எனினும் தவளையில் முதுகின் திசையைப் பரம்பரையலகு தனித்து விதிக்கவில்லை. விந்து தற்செயலாக நுழைந்த இடம், இழைகளின் அணிவகுப்பு, பொருளின் நகர்வு ஆகியவற்றின் தொடர்பிலிருந்தே அது பிறக்கின்றது. எனவே உருவம் என்பது எழுதிவைக்கப்பட்ட விதியன்று; பொருள்களின் இயக்கத்தினூடே படிப்படியாக ஆக்கப்படுவது என்பதே நாம் பெறும் முடிபாகும்.