உங்கள் கணினிக்காகப் பதில் சொன்னது யார்?

புதுக் கணினியில் இயங்குதளம் ஏற்றும்போது அது சில கேள்விகள் கேட்கும். எந்த நாடு, எந்த மொழி, எந்த விசைப்பலகை, கடிகாரம் எந்த ஊர் நேரத்தில் ஓட வேண்டும், கணினிக்கு என்ன பெயர், நிர்வாகி யார், அவருடைய கடவுச்சொல் என்ன. ஒரே கணினி என்றால் உட்கார்ந்து பதில் சொல்லிவிடலாம். ஆயிரம், லட்சம் என்று போனால் அது நடக்காது. அதனால் பதில்களை முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதி வைத்துவிடுவார்கள். நிறுவும் நிரல் அதைப் படித்துக்கொண்டு, யாரையும் எதுவும் கேட்காமல் வேலையை முடித்துவிடும். அந்தக் கோப்பில் பதில் நிரப்ப வேண்டிய ஒவ்வோர் இடத்துக்கும் தொழில்நுட்பக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் வேரியபிள்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்க வேண்டாம். கள்ளக்குறிச்சிப் பக்கம் பல வீடுகளில் நுழைந்த முதல் கணினி, அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில் அந்தத் திட்டம் தொடங்கியது. கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 2019 நவம்பர் 26-ல்தான். தமிழக அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த அந்த மடிக்கணினிகளில் விண்டோஸும், மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் முன்பே ஏற்றப்பட்டு வந்தன. மாணவர் கைக்கு வரும்போது எல்லாக் கேள்விகளுக்கும் யாரோ பதில் சொல்லி முடித்திருந்தார்கள். பள்ளிகளின் உயர் தொழில்நுட்ப ஆய்வகம், இ-சேவை மையம், தாலுகா அலுவலகம் என்று ஒரே மாதிரிக் கணினிகள் மொத்தமாக வந்து இறங்கும் இடங்களில் எல்லாம் நடப்பது இதுதான்.

அப்படிச் சொல்லப்பட்ட பதில்களில் சில, கணினிக்கு உண்மையில் எஜமான் யார் என்பதையே தீர்மானிக்கின்றன. எவை என்று தெரிந்தால்தான் எதைக் கேட்டு வாங்குவது என்பதும் தெரியும்.

பூட்டிலிருந்து தொடங்கலாம். அரசு மடிக்கணினிகளில் சில தொகுதிகளில் இன்டெல் நிறுவனத்தின் திருட்டுத் தடுப்பு மென்பொருள் சேர்க்கப்பட்டிருந்தது. நல்ல நோக்கம்தான், மாணவரின் கணினி கைமாறி விற்கப்படக் கூடாது. அந்த மென்பொருளுக்கு இரண்டு பதில்கள் தேவை. கணினி எந்தத் தேதி வரை இயங்கலாம், எத்தனை முறை துவங்கலாம். அவ்வப்போது நிர்வாக சர்வரைத் தொடர்புகொண்டால் இந்த இரண்டு கணக்கும் புதுப்பிக்கப்படும். தொடர்பு கிடைக்காமல் கணக்கு தீர்ந்துபோனால், விண்டோஸ் திறப்பதற்கு முன்பே பூட்டுத்திரை வந்து நிற்கும், திறப்புக் குறியீடு கேட்கும். படிப்பு முடிந்த மாணவருக்கு நிரந்தர விடுவிப்புக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. கொடுக்காமல் விட்டால், கணினி அவருடையது, சாவி வேறொருவருடையது.

இதைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையில் வைத்துப் பாருங்கள். வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ சிக்னல் கிடைக்கலாம். அங்கிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஊர்களில் செல்போனைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏற வேண்டியிருக்கும். வாரக்கணக்கில் இணையம் எட்டாத கணினியைத் திருட்டுப் போன கணினி என்றுதான் அந்த மென்பொருள் எடுத்துக்கொள்ளும். சமவெளியில் உட்கார்ந்து நிரப்பிய பதில் மலைக்குப் பொருந்தவில்லை. இதில் மாணவர் செய்த தவறு எதுவும் இல்லை.

அப்படிப் பூட்டிக்கொண்ட கணினி இன்னும் வீட்டில் கிடந்தால், முதலில் போக வேண்டிய இடம் படித்த பள்ளி. கணினியின் வரிசை எண், மாற்றுச் சான்றிதழ் நகல், பூட்டுத்திரையின் புகைப்படம் மூன்றையும் எடுத்துக்கொண்டு தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். அங்கே நகரவில்லை என்றால் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலகம். அதுவும் நகரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. இந்த வரிசை எண்ணுள்ள கணினிக்கு நிரந்தர விடுவிப்பு வழங்கப்பட்டதா, வழங்கும் அதிகாரி யார் என்று கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். கணினியைத் துவக்கும் பயாஸ் சிப்பைக் கழற்றி எழுதித் திறந்து தருகிறேன் என்பவர்களிடம் கொடுக்காதீர்கள். கை தவறினால் கணினி மறுபடி உயிர் பெறாது.

அடுத்தது கடவுச்சொல். மொத்தமாக விண்டோஸ் ஏற்ற உதவும் மைக்ரோசாஃப்ட் டிப்ளாய்மெண்ட் டூல்கிட்டைப் பல நிறுவனங்கள் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தின. அதில் கஸ்டம்செட்டிங்ஸ், பூட்ஸ்ட்ராப் என்று இரண்டு சிறு கோப்புகள். நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். அட்மின்பாஸ்வேர்ட் என்று ஒரு வரி, அதற்கு நேரே ஒரு சமக்குறி, அதன் பக்கத்தில் கடவுச்சொல், எந்த மறைப்பும் இல்லாமல். இன்னொரு கோப்பில் சர்வருக்குள் நுழையும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும். விண்டோஸின் அன்அட்டெண்ட் என்னும் பதில் கோப்பு கொஞ்சம் மறைத்து வைக்கிறது என்று சொல்வார்கள். உண்மையில் அது கடவுச்சொல்லின் வாலில் அட்மினிஸ்ட்ரேட்டர்பாஸ்வேர்ட் என்ற சொல்லை ஒட்டி, பேஸ்64 முறையில் மாற்றி எழுதுகிறது, அவ்வளவுதான். பேஸ்64 என்பது பூட்டே இல்லை. பள்ளி மாணவர்கூட ஒரு நிமிடத்தில் பிரித்துவிடுவார். நிறுவல் முடிந்ததும் விண்டோஸ் தன் பாந்தர் கோப்புறையில் வைத்துள்ள நகலிலிருந்து கடவுச்சொல்லை அழித்துவிடும். ஆனால் சிஸ்பிரெப் கோப்புறையிலோ பென்டிரைவிலோ நிறுவியவர் போட்ட மூலக்கோப்பை அழிப்பது அவர் பொறுப்பு. அதை மறந்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

ஒரு கோப்பை வைத்து நூறு கணினி ஏற்றினால் நூறுக்கும் ஒரே நிர்வாகி கடவுச்சொல். ஒரு தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரே சாவி செய்து மாட்டிய மாதிரி. ஒன்றைக் கண்டுபிடித்தவன் மற்ற தொண்ணூற்றொன்பதுக்குள்ளும் நுழைவான். இந்த விபரீதத்தில் மைக்ரோசாஃப்டுக்கே பங்கு உண்டு. நிறுவனக் கணினிகளை மொத்தமாகக் கட்டுப்படுத்தும் குரூப் பாலிசி வழியாகக் கடவுச்சொல் அனுப்பும் வசதியைக் கொடுத்து, அதை மறையாக்கம் செய்யும் திறவுகோலைத் தன் ஆவணத்திலேயே வெளியிட்டிருந்தது. 2014 மே மாதம்தான் அந்த வசதியை நிறுத்தியது. கணினிக்குக் கணினி வேறு கடவுச்சொல் வைத்து, தானே மாற்றிக்கொள்ளும் லேப்ஸ் என்ற வசதி 2023 ஏப்ரல் முதல் விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. இனியும் ஒரே கடவுச்சொல் வைப்பவருக்குச் சோம்பல் தவிர வேறு காரணம் இல்லை.

இதனால் மலைவாழ் மக்களுக்கு என்ன ஆபத்து? கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்த பகுதி. அரசாங்கக் காகிதங்கள் அங்கே தாமதமாகத்தான் வந்து சேர்ந்தன. இன்று மலையாளி பழங்குடிக் குடும்பம் ஒன்று சாதிச் சான்று, வருமானச் சான்று, வன உரிமைப் பட்டா, கல்வி உதவித்தொகை எதற்கு அலைந்தாலும் இ-சேவை மையத்தின் கணினி முன்னால்தான் போய் உட்கார வேண்டும். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாம் அங்கே ஸ்கேன் ஆகின்றன. ஸ்கேன் செய்த கோப்பு அந்தக் கணினியின் டவுன்லோட்ஸ் கோப்புறையில் அப்படியே கிடக்கும். அந்தக் கணினியின் நிர்வாகி கடவுச்சொல் ஊரறிந்த ரகசியம் என்றால், உங்கள் ஆதார் நகலும் அப்படித்தான்.

வேலை முடிந்ததும், "அண்ணே, என் ஃபைலை அழிச்சுட்டு ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிடுங்க" என்று சொல்ல யாரும் கூச்சப்பட வேண்டாம். அதோடு ஆதாரின் முதல் எட்டு இலக்கம் மறைந்த நகலை ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே எடுக்கலாம். மறைத்த நகல் போதும் என்கிற இடத்தில் அதையே கொடுங்கள்.

மூன்றாவது விஷயம் தனிப்பட்டவர்களுக்கானது. கடையில் போய் ஃபார்மெட் அடித்து ஓ.எஸ். போடச் சொல்கிறோம். "சாயங்காலம் வந்து வாங்கிக்க தம்பி" என்பார்கள். விண்டோஸ் 11-ன் 2024-ம் ஆண்டுப் பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து நிறுவினால் பெரும்பாலான கணினிகளில் வட்டு தானாகவே மறையாக்கம் ஆகிவிடும். அதற்கு 48 இலக்க மீட்பு எண் ஒன்று உண்டு. அது எந்தக் கணக்கில் நுழைந்தார்களோ அந்தக் கணக்கில் சேமிக்கப்படும். அவசரத்தில் கடைக்காரர் தன் கணக்கைப் போட்டு முடித்திருந்தால், மீட்பு எண் அவரிடம். ஆறு மாதம் கழித்து மதர்போர்டு மாற்றினாலோ, பயாஸ் அப்டேட் ஓடினாலோ, நீலத்திரை வந்து 48 இலக்கத்தைக் கேட்கும். இல்லையென்றால் அதில் இருக்கும் கல்யாணப் படமும் போச்சு, கல்லூரி ப்ராஜெக்டும் போச்சு. மைக்ரோசாஃப்டாலும் திறக்க முடியாது.

கணினியை வாங்கும்போதே கடையில் வைத்துப் பாருங்கள். செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அங்கே யாருடைய மின்னஞ்சல் இருக்கிறது? பிறகு பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, டிவைஸ் என்கிரிப்ஷன். அது ஆனில் இருந்தால் மீட்பு எண்ணைத் தாளில் எழுதிக்கொண்ட பிறகுதான் பணம். கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கையடக்கக் கணினியோ மடிக்கணினியோ தரப்படும் என்று 2025-26 தமிழக நிதிநிலை அறிக்கை அறிவித்தது. மலையிலிருந்து இறங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கும் இந்தச் சோதனை பொருந்தும்.

உரிமம் பற்றி ஒரு வார்த்தை. பதில் கோப்பில் ப்ராடக்ட்கீ என்று ஓர் இடம் உண்டு. சில கடைகளில் அங்கே காசு கொடுத்து வாங்கிய எண் இருக்காது. விண்டோஸை ஏமாற்றும் கிராக் மென்பொருள் இருக்கும். அது வேலை செய்ய முதலில் வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்லும். சட்டப்படி, பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின் கீழ், திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்துபவருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வணிக நோக்கம் இல்லையென்றால் நீதிமன்றம் சிறையை விட்டுவிட்டு அபராதத்தோடு நிறுத்தலாம். மாட்டினால் முதலில் கேள்வி கேட்கப்படுவது கணினி யார் மேசையில் இருக்கிறதோ அவரிடம்தான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. பழைய கணினிக்குப் புது விண்டோஸ் வாங்க வழியில்லாதவர்கள் பாஸ் அல்லது வேறு லினக்ஸைப் போடலாம். காசு கிடையாது, குற்றமும் கிடையாது.

மொழியும் நேரமும் சின்ன விஷயமாகத் தெரியும். நேர மண்டலத்துக்கான வரியை நிரப்பாமல் அமெரிக்க ஆங்கிலத்தில் விண்டோஸ் ஏற்றினால் கடிகாரம் அமெரிக்க மேற்குக் கரை நேரத்தில் ஓடும். பலர் மண்டலத்தை மாற்றாமல் முள்ளை மட்டும் திருப்பி வைப்பார்கள். அப்போது அந்தக் கணினியிலேயே எடுக்கும் ஆத்தென்டிகேட்டர் குறியீடு தப்பாகும், சில இணையதளங்கள் சான்றிதழ் பிழை காட்டும், கடைசி நாள் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். விசைப்பலகைக்கான வரியில் தமிழ்99-ஐ நிரப்பினால் போதும், கணினி தமிழ் தட்டச்சோடு வரும். 2019 முதல் விண்டோஸில் அது இருக்கிறது. தமிழக அரசு 1999-ல் ஏற்ற விசைப்பலகை அது. அரசுப் பணத்தில் வாங்கும் கணினி தமிழ் தெரியாமல் வந்து இறங்குவதை ஏன் பொறுத்துக்கொள்கிறோம் என்று எனக்கு விளங்கவில்லை. அது ஒரே ஒரு வரி.

கெட்டது நடந்துவிட்டால் என்ன செய்வது? பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்குத்தான் லாபம். மற்ற புகார்களை சைபர்க்ரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலோ காவல் நிலையத்திலோ கொடுக்கலாம்; எல்லை வேறு என்று சொல்லி எந்த நிலையமும் திருப்பி அனுப்ப முடியாது. அனுமதியில்லாமல் கணினிக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-ன் 43, 66 பிரிவுகளில் வரும். அடுத்தவர் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவது 66சி. மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம்.

பலருக்கும் தெரியாத வழி ஒன்று இதே சட்டத்தின் 46-ம் பிரிவில் இருக்கிறது. மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே தீர்ப்பு அதிகாரி. 5 கோடி ரூபாய் வரை இழப்பீடு கேட்டு அவரிடம் மனுச் செய்யலாம். இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. இணைய மோசடியில் பணம் இழந்த ஒருவருக்கு 12.85 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி ஐசிஐசிஐ வங்கிக்கு 2010 ஏப்ரலில் உத்தரவிட்டவர் தமிழகத்தின் தீர்ப்பு அதிகாரிதான். பாதுகாப்பில் அலட்சியம் காட்டிய நிறுவனமும் பதில் சொல்ல வேண்டும் என்பதை அந்த உத்தரவு நிலைநாட்டியது. 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன; நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து அமலாகும்.

கடைக்காரரோடு தகராறு என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஆனால் பில் இருக்க வேண்டும். ஓ.எஸ். போட்டதற்கு யார் பில் கேட்கிறோம்? அங்கேதான் நம் பக்கம் பலவீனமாகிறது.

ஆகவே கணினியை வாங்கும் இடத்தில், கடையோ பள்ளியோ, ஒரு தாளில் ஆறு விவரங்களை எழுதி வாங்குங்கள்: நிர்வாகி கணக்கின் பெயர், அதன் கடவுச்சொல், மறையாக்க மீட்பு எண், உரிம எண், நிறுவிய தேதி, நிறுவியவர் கையொப்பம். வீட்டுக்கு வந்ததும் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, அந்தத் தாளைக் குடும்ப அட்டையோடு சேர்த்து வையுங்கள்.