முட்டைக்குக் கணக்கு உண்டு, பிள்ளைக்கு?

முப்பது வருஷம் நான் பார்த்த வேலை, அடுத்தவர் அலமாரியைத் திறந்து பார்ப்பது. அங்கன்வாடி சூபர்வைசர். அப்பா மைசூர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர்; வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம் என்று வளர்ந்தவள் நான். உத்தியோகம் கிடைத்தது தி. நரசிப்புரம் தாலூகாவில். காவிரியும் கபினியும் சேரும் அந்த ஊருக்கு எங்கள் இலாகாவில் தனி மரியாதை உண்டு. 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுக்க 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது, கர்நாடகத்தில் முதலில் அங்கன்வாடி வந்தது அங்கேதான். நூறு மையங்கள்.

என் பங்குக்கு இருபத்தைந்து மையங்கள். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால், டீச்சர் என்னைத் தெருமுனையிலேயே பார்த்துவிடுவார். ஆயா வீடு வீடாக ஓடுவார், வருகைப் பதிவேட்டில் உள்ள தலைகளைக் கூட்டிவர. அந்த ஓட்டத்தை நான் பார்க்காத மாதிரி கொஞ்சம் மெதுவாகவே நடப்பேன். பிள்ளை வந்து சாப்பிட்டால் சரி.

உள்ளே போனால் அரிசி மூட்டை, பருப்பு, முட்டை எல்லாவற்றுக்கும் கணக்கு. நேற்று வந்தது, இன்று வெந்தது, மிச்சம் எத்தனை. பதிவேடு மட்டும் பதினொன்று. அப்புறம் எடைத் தராசு. உத்திரத்தில் தொங்கும் தராசில் பிள்ளையைத் தொட்டில் மாதிரி உட்கார வைத்து, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்க வேண்டும். பச்சையில் விழுந்தால் நிம்மதி, மஞ்சள் என்றால் கவனம், ஆரஞ்சு என்றால் ஆஸ்பத்திரி. பதிவேட்டில் எல்லாப் பிள்ளையும் மாதம் சரியாக இருநூறு கிராம் ஏறியிருந்தால், தராசு அலமாரியை விட்டு வெளியே வரவில்லை என்று அர்த்தம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு வருஷம் ஆயிற்று.

நான் ஒன்றும் அரிச்சந்திரி இல்லை. மழை பிடித்துக்கொண்டது, கடைசி பஸ் போய்விடும் என்று, பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த நாட்கள் உண்டு. ஆனாலும் அந்த மையத்துக்கு மேலே நான் இருந்தேன். எனக்கு மேலே குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அதிகாரியான சி.டி.பி.ஓ., அவருக்கு மேலே மாவட்டத் துணை இயக்குநர். பக்கத்திலேயே பால விகாஸ சமிதி என்று ஊர்த் தாய்மார்கள். ஒரு கிராமத்தில் ஓர் அம்மா தினமும் பன்னிரண்டு மணிக்கு வந்து, பிள்ளைகளுக்கு முன்னால் சோற்றை ஒரு வாய் போட்டுப் பார்ப்பார். அந்த மையத்தில் எனக்கு வேலையே இருக்காது.

ரிட்டையர் ஆன பிறகு, என் பேத்திக்கு இரண்டு வயது முடிந்தபோது, நிலைமை தலைகீழானது. மகளுக்கு ஹெப்பாள் தொழிற்பேட்டையில் வேலை. எனக்கோ முழங்கால் வலி; ஓடுகிற பிள்ளையைப் பிடிக்க முடியவில்லை. டே-கேர் தேடினோம். முதலில் போன இடம், வாடகைக்கு எடுத்த வீட்டின் மாடி. சுவரெல்லாம் ஒட்டகச்சிவிங்கி, ஏ.சி., செல்போனில் பார்க்க கேமரா. மாதம் 9,000 ரூபாய்.

"ஒரு டீச்சருக்கு எத்தனை பிள்ளைங்கம்மா?" என்று கேட்டேன்.

"நீங்க கவலையே படாதீங்க ஆன்ட்டி, எங்க கரிகுலம் இன்டர்நேஷனல்."

அடுத்து அடுக்களையைக் காட்டச் சொன்னேன். பிள்ளைகள் தூங்கும் அறைக்கு அடுத்த சுவரில் கேஸ் சிலிண்டர். மாடிக்கு ஒரே படி. படியின் அடியில் கிரில் கேட், அதில் பூட்டு. சாவி யாரிடம் என்று கேட்டேன். கடைக்குப் போயிருக்கிற ஆயாவிடமாம்.

சிலிண்டரையும் பூட்டையும் பார்த்ததும் எனக்குக் கும்பகோணம் ஞாபகம் வந்தது. 2004 ஜூலை 16. காசிராமன் தெருப் பள்ளியில் சமையல் கொட்டகையில் பிடித்த தீ வகுப்பறைக் கூரைக்குத் தாவியதில் 94 பிள்ளைகள். அன்று இரவு டி.வி.யில் பார்த்துவிட்டு, மறுநாளிலிருந்து எந்த மையத்துக்குப் போனாலும் முதலில் அடுப்பு எங்கே, கதவு எங்கே என்று பார்க்க ஆரம்பித்தேன். அந்தச் சாவுகளை முன்வைத்து வந்த வழக்கில்தான் 2009-இல் உச்ச நீதிமன்றம், தீயணைப்புக் கருவி உள்ளிட்ட பாதுகாப்பு எல்லாப் பள்ளியிலும் கட்டாயம் என்றது.

சரி, இந்த மாடி வீட்டை யார் வந்து பார்ப்பார்கள்? பழைய இலாகாத் தோழிகளைக் கேட்டேன், சட்டத்தையும் புரட்டினேன்.

பள்ளிக்கூடம் என்றால் பதில் சுலபம். 2010 ஏப்ரல் 1-இல் நடப்புக்கு வந்த இலவசக் கட்டாயக் கல்விச் சட்டப்படி அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தக் கூடாது. மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அதற்கும் அடங்காவிட்டால் நாளொன்றுக்குப் பத்தாயிரம். கர்நாடகத்தில் தாலூகா மட்டத்தில் வட்டாரக் கல்வி அதிகாரி (பி.இ.ஓ.), மாவட்டத்தில் கல்வித் துறைத் துணை இயக்குநர் (டி.டி.பி.ஐ.) பார்க்கிறார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் யு-டைஸ் என்று பதினொரு இலக்க எண் உண்டு. இங்கே அது 29-இல் தொடங்கும். தொடக்க வகுப்பில் முப்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்பது வரை எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தச் சட்டம் கையைப் பிடித்துக்கொள்வது ஆறு வயதில், விடுவது பதினான்கில். ஆறுக்குக் கீழே இருப்பதற்கு ஒரே ஒரு பிரிவு: அரசு முன்பருவக் கல்விக்கு ஏற்பாடு செய்யலாம். "செய்ய வேண்டும்" இல்லை, "செய்யலாம்". தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் தனியார் விளையாட்டுப் பள்ளிகளுக்கு வழிகாட்டி நெறிகள் போட்டது, இருபது பிள்ளைக்கு ஒரு டீச்சர் என்று. நெறி நல்ல நெறிதான். மாநிலம் அதை எடுத்து விதியாக்கி, பார்க்க ஆளும் போட்டால்தான் அதற்குப் பல் முளைக்கும்.

எனக்கு ஆறவில்லை. பிடி அரிசிக்குப் பதிவேடு வைத்தேன் நான். தலக்காட்டுப் பக்கம் ஒரு முட்டை குறைந்தால் டீச்சருக்கு நோட்டீஸ் போகும். மைசூரு நகரத்துக்குள் மாதம் ஒன்பதாயிரம் வாங்கிக்கொண்டு பிள்ளையைப் பூட்டி வைக்கிற வீட்டில், வருகைப் பதிவேட்டைக் காட்டு என்று கேட்க ஆள் வருவதில்லை. ஏழைப் பிள்ளையை அரசு சந்தேகத்தோடு பார்க்கிறது, காசு கட்டுகிற பிள்ளையைப் பார்ப்பதே இல்லை.

முழுக்கக் கையை விரித்துவிட்டார்கள் என்றும் சொல்ல மாட்டேன். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 2020 விதிகள், குழந்தைகள் காப்பகத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன: ஆயா, டிரைவர், ஒப்பந்த ஆள் என்று யாராக இருந்தாலும் அவ்வப்போது போலீஸ் சரிபார்ப்பு வேண்டும். 2017-இல் திருத்திய பேறுகாலப் பயன் சட்டம், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பக வசதி இருக்க வேண்டும், தாய் நாளுக்கு நாலு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்றது. மகளிடம் இதைச் சொன்னேன்.

"ஆபீஸ்ல கேட்டா, 'எங்கம்மா பார்த்துக்கறாங்கன்னுதானே ஃபார்ம்ல எழுதியிருக்கே'ங்கறாங்கம்மா" என்றாள். என் முழங்காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

இரண்டாவது இடத்தில் போலீஸ் சரிபார்ப்புக் காகிதத்தைக் கேட்டதற்கு, "நம்பிக்கை இல்லேன்னா எப்படி ஆன்ட்டி?" என்று முகம் சுளித்தார்கள். முப்பது வருஷத்தில் இந்த வசனத்தை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன்! ஸ்டாக் குறைந்த மையங்களில்தான் அது அதிகம் காதில் விழும்.

மூன்றாவது இடத்தில் ஏ.சி. இல்லை. தரைத்தளம், இரண்டு வாசல். பதினான்கு பிள்ளைகள், ஒரு டீச்சர், ஓர் ஆயா. கேட்டதும் டீச்சர் ஒரு ஃபைலை எடுத்து நீட்டினார். ஆயாவின் சரிபார்ப்புக் காகிதம் அதில் இருந்தது. கக்கூஸையும் நான் கேட்காமலே காட்டினார். பேத்தி அங்கேதான் போகிறாள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நானும் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பேன்.

நீங்களும் நாளைக்குப் பிள்ளையை விடும்போது கேட்டோடு திரும்பாதீர்கள். உள்ளே போய் அடுப்பையும் சாவியையும் பாருங்கள், காகிதத்தைக் கேளுங்கள். மனசுக்கு ஏதாவது தப்பாகப் பட்டால் குழந்தைகள் உதவி எண் 1098; ராத்திரியிலும் எடுப்பார்கள்.