ஐந்து பேரும் ஒரு செயலியும்

“எனக்கு இதெல்லாம் தெரியாதுப்பா. பேரன் வரட்டும், அவன்கிட்ட சொல்லிச் செய்றேன்.”

கைப்பேசியை நீட்டினால் நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் சொல்லும் முதல் வாக்கியம் இது. வங்கிக் கணக்கு, மருத்துவமனைத் தேதி, கார் நிறுத்தக் கட்டணம், உதவித்தொகை என்று ஒவ்வொன்றாகக் கைப்பேசிக்குள் போய்க்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் அந்த வாக்கியத்துக்கு ஒரு விலை இருக்கிறது. 2021 மே 2-ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். சிலாங்கூர், கோலாலம்பூர் மக்களுக்கு அஸ்ட்ராஜெனெகா தடுப்பூசிப் பதிவு அன்று இணையத்தில் திறந்தது. 268,600 இடங்களும் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் முடிந்துபோயின. விரல் வேகமாக ஓடியவருக்கு இடம் கிடைத்தது. பேரன் வரட்டும் என்று காத்திருந்தவருக்கு அந்த நேரம் போதவில்லை.

‘தெரியாது’ என்று சொல்பவரிடம்தான் குறை இருக்கிறது என்று நாம் எளிதாக முடிவு கட்டிவிடுகிறோம். அண்மையில் இரண்டு சனிக்கிழமைகள் பண்டமாரானில் ஒரு வரவேற்பறையில் உட்கார்ந்து பார்த்த பிறகு, அந்த முடிவை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று உங்களிடம் சொல்லத் தோன்றுகிறது.

வேன் கூப்பிடும் செயலி

கிள்ளானுக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் இருக்கும் எங்கள் பண்டமாரானில், சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போகிறவர் இல்லாத தெருவைத் தேட வேண்டும். டயாலிசிஸ் என்றால் வழக்கமாக வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டால் இவர்களை யார் கொண்டுபோய் விடுவது? அக்கம்பக்கத்துத் தொண்டூழியர்கள் சிலர் வேன் ஏற்பாடு செய்கிறார்கள். எல்லா அழைப்பும் ஓர் அக்காவின் கைப்பேசிக்குத்தான் போகும். அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்வார்.

அந்த நோட்டுப் புத்தகத்தைச் செயலியாக மாற்ற மூன்று கல்லூரி மாணவர்கள் முன்வந்தார்கள். செயலி தமிழில் பேச வேண்டும் என்பது அவர்கள் ஆசை. வானொலியில் பேசுகிறேன் என்பதால் குரல் பதிவுக்கு என்னை அழைத்தார்கள். “பதிவு செய்றதுக்கு முன்னாடி சோதனையைப் பார்த்துட்டுப் போங்க” என்றார் ஒரு தம்பி.

அவர்கள் கையில் இருந்தது முழுச் செயலி இல்லை, முன்மாதிரி. திரைகளைப் படமாக வரைந்து, ஒரு பட்டனைத் தொட்டால் அடுத்த படம் வருவதுபோல் கோத்திருந்தார்கள். பின்னால் கணினியும் கிடையாது, வேனும் நகராது. வீடு கட்டுவதற்கு முன் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு அறைகளைப் பார்ப்பது போன்றது இது. சுவரை இடிப்பதைவிடக் கோட்டை அழிப்பது மலிவு. 1990-களில் பாம் பைலட் என்ற கையடக்கக் கருவியை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், முதலில் ஒரு மரக்கட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். யாராவது சந்திப்புக்கு நாள் கேட்டால் கட்டையை எடுத்து, அதில் குறித்துக்கொள்வதுபோல் பாவனை செய்வாராம். கருவி பிறக்கும் முன்பே அதைப் பயன்படுத்திப் பார்த்த மனிதர் அவர்.

வாயை மூடிக்கொள்ளும் கலை

சோதனைக்கு விதிகள் உண்டு. முதலாவது, வருபவரிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: “நாங்க சோதிக்கிறது செயலியை. உங்களை இல்லை.” இரண்டாவது, வழி சொல்லாமல் வேலையைச் சொல்ல வேண்டும். “அந்தப் பச்சைப் பட்டனை அழுத்துங்க” என்றால் சோதனை அங்கேயே கெட்டது. “வர்ற செவ்வாய்க்கிழமை காலையில டயாலிசிஸ்க்குப் போக வேன் கூப்பிடுங்க” என்றால் போதும். மூன்றாவது, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்ல வேண்டும். நான்காவதுதான் கடினம். அவர் தடுமாறும்போது உதவக்கூடாது.

வானொலியில் ஐந்து வினாடி மௌனம் என்றால் கட்டுப்பாட்டு அறையில் எல்லாரும் எழுந்து நின்றுவிடுவோம். இங்கே ஒரு பாட்டி திரையைப் பார்த்தபடி நாற்பது வினாடி அமைதியாக இருந்தார். மாணவர்கள் மூச்சுவிடாமல் குறிப்பெடுத்தார்கள். அந்த நாற்பது வினாடிக்குள்தான் செயலியின் கோளாறு ஒளிந்திருந்தது.

ஐவர் கண்டது

முதலில் வந்தவர் அந்தப் பாட்டிதான். 68 வயது. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். புலனத்தில் குரல் பதிவு மட்டும் அனுப்பத் தெரியும். நாளைத் தேர்ந்தெடுத்தார், நேரத்தைத் தேர்ந்தெடுத்தார், வேன் படத்தைத் தொட்டார். பிறகு கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு, “முடிஞ்சிடுச்சுப்பா” என்றார்.

முடியவில்லை. ‘உறுதிசெய்க’ என்ற பட்டன் திரைக்குக் கீழே மறைந்திருந்தது. திரையை மேலே தள்ளினால்தான் தெரியும். கீழே ஏதோ இருக்கிறது என்பதற்கு எந்த அடையாளமும் இல்லாதபோது அவர் ஏன் தள்ள வேண்டும்? உண்மையான செவ்வாய்க்கிழமையாக இருந்திருந்தால், விடியற்காலையில் வாசலில் பையோடு உட்கார்ந்திருப்பார். வேன் வந்திருக்காது. ஒரு சுத்திகரிப்பு தவறியிருக்கும்.

இரண்டாமவர் துறைமுகத்துக்கு லாரி ஓட்டும் அண்ணன். அப்பாவுக்காகப் பதிவு செய்பவர். கிராப், இ-வாலட் எல்லாம் பழக்கம் என்பதால் மறைந்த பட்டனைப் பார்க்காமலேயே விரல் அங்கே போய்விட்டது. ஆனால் நேரத்தைத் திருத்த ஒரு படி பின்னால் போனபோது, நிரப்பியது எல்லாம் அழிந்துபோனது. “லாரியில உட்கார்ந்து இதை ரெண்டாவது தடவ எவன் செய்வான்?” என்றார்.

மூன்றாவது, தேசியப் பள்ளியில் படித்த 19 வயது தங்கை. தமிழ் நன்றாகப் பேசுவார், எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும். மொழியை மாற்றும் இடத்தைத் தேடித் தேடி அலைந்தார். அது அமைப்புகள் பக்கத்தில் மூன்றாவது அடுக்கில் இருந்தது. தமிழ் படிக்கத் தெரிந்தால்தான் தமிழை விட்டு வெளியேற முடியும் என்ற நிலை.

நான்காமவர் நீரிழிவால் பார்வை இழந்தவர். திரையைத் தொட்டால் அங்கே இருப்பதைக் கைப்பேசி வாசித்துக் காட்டும் வசதியைப் பயன்படுத்துகிறார். அவர் விரல் நகர நகர, கைப்பேசி “பட்டன்… பட்டன்… பட்டன்…” என்று மட்டுமே சொன்னது. பட்டன்கள் அழகான படங்களாக இருந்தன, ஆனால் படத்துக்குப் பின்னால் பெயர் எழுதி வைக்கவில்லை. ஒலியை நம்பிப் பிழைக்கும் எனக்கு அதைக் கேட்க வேதனையாக இருந்தது. எல்லா நிலையத்திலும் “அடுத்த நிலையம்” என்று மட்டும் அறிவிக்கும் ரயிலில் ஏறினால் எங்கே இறங்குவது?

ஐந்தாமவரை மாணவர்கள் அழைத்துவந்தது எனக்கு வியப்பாக இருந்தது. அவர் வேன் ஓட்டுநர், மலாய்க்காரர், பாக்சிக். செயலியின் மறுமுனையில் இருப்பவரும் பயனர்தானே. முகவரியும் குறிப்பும் தமிழில் வந்து விழுந்ததைப் பார்த்துச் சிரித்தார். தவிர, வேன் ஓட்டிக்கொண்டே அவர் நான்கு திரைகளைத் தட்ட முடியாது.

ஐந்து பேர், ஐந்து வெவ்வேறு இடத்தில் தடுமாற்றம். அவர்களில் நால்வர் கிளம்பும்போது சொன்னது ஒன்றுதான்: “மன்னிச்சிருங்க, எனக்குச் சரியா வரல.”

ஐந்து பேர் போதுமா?

போதும் என்று ஒரு கணக்கு உண்டு. டென்மார்க்கில் பிறந்த யாக்கோப் நீல்சன் 2000-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில், ஒருவரை வைத்துச் சோதித்தாலே சராசரியாக 31 விழுக்காட்டுக் கோளாறுகள் தெரிந்துவிடும், ஐந்து பேரில் 85 விழுக்காடு தெரிந்துவிடும் என்று காட்டினார். நிறையப் பேரைக் கூட்டி ஒரே முறை சோதிப்பதைவிட, ஐந்து பேரோடு சோதித்து, திருத்தி, மீண்டும் ஐந்து பேரோடு சோதிப்பது மேல் என்பது அவர் வாதம். ஒரு நிபந்தனையும் சொன்னார். பயனர்கள் வெவ்வேறு வகையினர் என்றால், ஒவ்வொரு வகையிலிருந்தும் மூன்று நான்கு பேர் வேண்டும். ஐந்து மாணவர்களை வைத்துச் சோதித்தால் மாணவர்களுக்கான செயலிதான் கிடைக்கும்.

இந்தப் பழக்கம் கைப்பேசியைவிட மூத்தது. உங்கள் கைப்பேசியின் எண் பலகையையும் ஒரு கால்குலேட்டரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் 1-2-3 மேலே, மற்றதில் 7-8-9 மேலே. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் எண்களை வட்டமாக, இரண்டு வரிசையாக, மூன்று வரிசையாக என்று பலவிதமாக அடுக்கி, மக்களை அழுத்தச் சொல்லி, வேகம், பிழை, விருப்பம் மூன்றையும் அளந்தார்கள். ஆய்வு 1960-இல் வெளியானது. 1963 நவம்பரில் அழுத்து பட்டன் தொலைபேசி விற்பனைக்கு வந்தது. இன்றும் நம் விரல் அந்தச் சோதனையின் முடிவைத்தான் அழுத்திக்கொண்டிருக்கிறது.

நமக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு பெங்களூரில் நடந்தது. மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்தின் இந்திராணி மேதி, வீட்டு வேலை செய்யும் பெண்களுக்காக எழுத்தே இல்லாத திரைகளை உருவாக்கி, அவர்கள் குடியிருப்புகளுக்கே போய்ச் சோதித்தார். படமும் குரலும் மட்டும் போதவில்லை. இந்தப் பெட்டி எதற்கு, இதனால் எனக்கு என்ன பயன், தகவல் எங்கிருந்து வருகிறது என்று ஒரு சிறு காணொளியில் கதையாகக் காட்டிய பிறகுதான் அவர்களுக்குப் பிடிபட்டது. பண்டமாரான் பாட்டியும் அதையேதான் கேட்டார்: “இதை அழுத்துனா யாருக்குப்பா போகும்?” அக்காவின் முகத்தை அறிந்த அவருக்கு, முகமில்லாத பட்டன்மேல் நம்பிக்கை வரவில்லை.

‘சமர்ப்பிக்கப்பட்டது’ என்றால் என்ன?

கைப்பேசிக்குள் தமிழ் வந்ததில் நம் நாட்டுக்குப் பங்குண்டு. மலேசியரான முத்து நெடுமாறனின் செல்லினம், 2005 பொங்கலன்று சிங்கப்பூரின் ஒலி 96.8 வானொலியோடு சேர்ந்து வெளியீடு கண்டது. கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பலாம் என்பதே அன்று பெரிய செய்தி. எழுத்து வந்துவிட்டது. அந்த எழுத்தில் எந்தத் தமிழை எழுதுகிறோம் என்பது அடுத்த கேள்வி.

எனக்குக் கொடுத்த உரையில் இப்படி ஒரு வரி இருந்தது: ‘தங்கள் கோரிக்கை வெற்றிகரமாகச் சமர்ப்பிக்கப்பட்டது.’ இலக்கணப் பிழை எதுவும் இல்லை. பாட்டியிடம் வாசித்துக் காட்டினோம். “சரிப்பா, வேன் வருமா வராதா?” என்றார். மாணவர்கள் அந்த வரியை அங்கேயே அடித்துவிட்டு எழுதினார்கள்: ‘செவ்வாய்க்கிழமை காலையில ஆறு மணிக்கு வேன் உங்க வீட்டு வாசலுக்கு வரும்.’ பாதியில் நிறுத்தினால், ‘இன்னும் முடியல. பச்சைப் பட்டனை அழுத்துங்க’ என்று சொல்லும்.

அடுத்த சனிக்கிழமை புதிய திரைகளோடு மீண்டும் அதே வரவேற்பறை. பச்சைப் பட்டன் திரையின் அடியில் நகராமல் நின்றது. பின்னால் போனாலும் நிரப்பியது அழியவில்லை. முதல் திரையிலேயே நான்கு மொழிகளும் அவரவர் எழுத்தில் இருந்தன. ஒவ்வொரு படத்துக்கும் பேசும் பெயர் வந்திருந்தது. பாக்சிக்குக்கு மலாயில் ஒரே பட்டியல், ‘ஏறிவிட்டார்’ என்று சொல்ல ஒரே பெரிய பட்டன். பாட்டி இந்த முறை வேனைக் கூப்பிட்டு முடித்தார். குரல் கேட்டதும் கைப்பேசியைப் பார்த்து “சரிம்மா” என்று பதிலும் சொன்னார். லாரி அண்ணன் மட்டும், வேலையிடத்தில் இது சத்தம் போட்டால் சரிப்படாது, குரலை நிறுத்த வழி வேண்டும் என்றார். அதையும் குறித்துக்கொண்டார்கள்.

உங்கள் ஊரிலும் செய்யலாம்

கோயிலுக்கு, சங்கத்துக்கு, பள்ளிக்குச் செயலியோ இணையப் படிவமோ செய்யும் இளைஞர்கள் இன்று எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வெளியிடும் முன் திரைகளைத் தாளில் வரைந்தாவது ஐந்து பேரிடம் காட்டச் சொல்லுங்கள். அதில் ஒருவர் அறுபதைத் தாண்டியவராக, ஒருவர் கண்பார்வை குன்றியவராக, ஒருவர் அந்த மொழியைப் படிக்கத் தெரியாதவராக இருக்கட்டும். உண்மையான அடையாள அட்டை எண்ணோ வங்கி விவரமோ கேட்க வேண்டாம். ஒரு தேநீரும் அரை மணி நேரமும் போதும்.

வீட்டிலும் ஒரு மாற்றம் செய்து பார்க்கலாம். அம்மாவோ அப்பாவோ ‘எனக்குத் தெரியாது’ என்றால், கைப்பேசியை வாங்கி நாமே செய்து முடிப்பதற்கு முன், “எந்த இடத்துல நின்னுட்டீங்க?” என்று கேளுங்கள். அவர்கள் காட்டும் இடத்தில் பெரும்பாலும் ஒரு மறைந்த பட்டனோ புரியாத சொல்லோ இருக்கும். அதை அந்தச் செயலிக்காரர்களுக்கு எழுதி அனுப்புங்கள்.

பண்டமாரான் குழு கடைசியில் இன்னொரு முடிவும் எடுத்தது. செயலி வந்த பிறகும் நோட்டுப் புத்தகம் மூடப்படாது. முதல் திரையின் மேலேயே அக்காவின் படம் இருக்கும். தொட்டால் அவருக்கு அழைப்பு போகும். இரண்டாவது சோதனையில் ஐவரில் நால்வரின் கண் முதலில் போனது அந்தப் படத்துக்குத்தான்.